மைக் இரவல் கிடைக்கும்

என் சித்தி பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

சித்தி ஒரு நூலகர். எங்கள் நூலகத்தில் சிறுவர் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. ‘சத்தம் போடாதீர்கள்’ என்று எழுதிய பலகைக்குக் கீழேயே வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் குரல் மிச்சமிருக்கும்? எங்களோடுதான் இருக்கிறார், வீட்டுக்கு வந்தாலும் கிசுகிசுப்புதான். உப்பை எடு என்று சொல்வதைக்கூட ஏதோ ரகசியம் மாதிரிதான் சொல்வார். காய்கறிக் கடையில் சித்தி தக்காளி விலையைக் கேட்டால், கடைக்காரரும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, காதோடு காதாக விலையைச் சொல்வார். தனக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தார் என்று சித்தி சந்தோஷமாக வாங்கி வருவார். எல்லாருக்கும் அதே விலைதான்.

சித்தியின் அக்காதான் என் அம்மா. அம்மா பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையை இந்தக் கோடியில் நின்றுகொண்டே நிறுத்திவிடுவார், விசில் தேவையே இல்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் பங்கு வைக்க வேண்டிய குரலை அம்மாவே மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அப்பா கேலி செய்வார். 

நான் அம்மா பக்கம். என்னைச் ‘சில்வண்டு’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிறகு அதுவும் நீளமாக இருக்கிறதென்று ‘வண்டு’ ஆக்கிவிட்டார்கள். பள்ளியில் எனக்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே உடனே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

சித்தியைப் பற்றி முக்கியமான விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அவர் கதையும் எழுதுவார். இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவர் வேலை பார்க்கிற நூலகத்திலேயே அவை இருக்கின்றன. யாராவது ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வந்தால், இது நான் எழுதியது என்று சித்தி சொல்லவே மாட்டார். தேதி முத்திரை குத்தித் தரும்போது காது மட்டும் சிவந்துபோகும். நானாக இருந்தால் மேசை மேல் ஏறி நின்று சொல்லியிருப்பேன்.

மூன்றாவது புத்தகம்தான் நீர்யானைக் கதை.

ஒரு நீர்யானை வேலை தேடிப் போகிறது. உயரமான ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைக்கிறது. நீர்யானை மிகவும் பொறுப்பானது. தொப்பி போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, எந்த மாடி என்று பணிவாகக் கேட்கும். ஒரே ஒரு சிக்கல். அது உள்ளே ஏறிவிட்டால் வேறு யாருக்கும் இடம் இருக்காது. ஆகவே எல்லாரும் படியேறிப் போவார்கள். நீர்யானை மட்டும் லிஃப்ட்டில் போய், மேலே அவர்களுக்காகக் காத்திருந்து கதவைத் திறந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். பொய்யில்லை, முழங்கையில் காயம்கூட ஆனது.

எழுத எழுத, சித்தி அதைச் சனிக்கிழமைக் கதை நேரத்தில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார். நூலகத்தில் பாயை விரித்து உட்கார்ந்து கேட்போம். சிரிப்பு வந்தால் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், அதுதான் சித்தியின் சட்டம். அந்தப் பக்கம் பெரியவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள் இல்லையா? நாங்கள் சத்தமே இல்லாமல் சிரிப்போம். தோள் மட்டும் குலுங்கும். எத்தனை தோள் குலுங்குகிறது என்று பார்த்துத்தான் கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சித்தி தெரிந்துகொள்வார்.

மழையில் நூலகத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. சாரம் கட்டி வேலை தொடங்கினார்கள். புத்தகம் எடுக்கவும் கொடுக்கவும் வாசல் பக்கம் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கினார்கள். பாய் விரிக்க இடமில்லை. அதனால் கதை நேரம் கணினிக்கு வந்துவிட்டது. சித்தி நூலகத்தில் உட்கார்ந்து படிப்பார், பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருந்தபடி இணையத்தில் கேட்பார்கள்.

பிள்ளைகளுக்குச் சொந்தமாக போன் ஏது? வீட்டில் எந்த போன் சும்மா இருக்கிறதோ அதிலிருந்துதான் வருவார்கள். ஆகவே திரையில் கறுப்புக் கறுப்பாகக் கட்டங்கள் இருக்கும், அவற்றில் ‘அப்பா ஆபீஸ்’, ‘அம்மா புது நம்பர்’, ‘மாமா பழைய போன்’ என்றெல்லாம் பெயர் இருக்கும். ஒரு கட்டத்தில் ‘பல் டாக்டர் கிளினிக்’ என்று இருந்தது. யாரோ ஒரு பல் டாக்டர் வேலை மெனக்கெட்டு வாராவாரம் கதை கேட்க வருகிறார் என்று நினைத்து, சித்தி முதல் ஆளாக அவருக்குத்தான் வணக்கம் சொல்வார். 

இணையம் விட்டுவிட்டு வரக்கூடாது என்று எல்லாரும் கேமராவை அணைத்துவிடுவார்கள். மைக்கைச் சித்தி அணைத்துவிடுவார். பிள்ளைகள் உள்ளே வர வர ஒவ்வொருவர் மைக்காக மியூட் செய்வதுதான் அவருடைய முதல் வேலை. கதை நேரம் என்றால் அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 

தோளும் தெரியாது, சத்தமும் கேட்காது. நீர்யானை லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட தொப்பியைத் தேடுகிற இடத்தைப் படித்துவிட்டுச் சித்தி நிமிர்ந்து பார்ப்பார். கறுப்புக் கட்டங்கள் அப்படியே இருக்கும்.

சில வாரங்களில் சித்தியின் முகம் வாடிவிட்டது. கதையைத் திருத்த ஆரம்பித்தார். முதலில் நீர்யானைக்குப் பதிலாக ஓர் ஆட்டைப் போட்டுப் பார்த்தார். ஆடு லிஃப்ட்டுக்குள் வசதியாக நின்றுகொண்டது. மற்றவர்களும் ஏறிக்கொண்டார்கள். எல்லாரும் அவரவர் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கதையும் அங்கேயே முடிந்துபோனது. ஆட்டை நான் கடுமையாக எதிர்த்ததால் நீர்யானை திரும்ப வந்தது.

“சித்தி, எல்லாரும் சிரிக்கறாங்க. எங்க கிளாஸ்ல பீரோ பக்கத்துல நின்னுகிட்டு லிஃப்ட் விளையாட்டுதான் விளையாடறோம்,” என்று சொல்லிப் பார்த்தேன். 

“நீ என் அக்கா பொண்ணு. நீ அப்படித்தான் சொல்லுவ,” என்று கிசுகிசுத்துவிட்டு அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா பொண்ணு என்றால் உண்மையே பேச மாட்டேனா? நான் விடவில்லை. ஒரே ஒரு முறை மைக்கையெல்லாம் திறந்துவிடச் சொல்லி நச்சரித்தேன். சித்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நூலகத்துக்குள் மேளம் வாசிக்கச் சொன்னது மாதிரி இருந்தது. ஆனாலும் என் நச்சரிப்பைத் தாங்க முடியாமல் சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

வீட்டில் உட்கார்ந்து நான் ஆவலாகக் காத்திருந்தேன். சித்தி எல்லா மைக்கையும் ஒன்றாகத் திறந்தார். ஒரு வீட்டில் மிக்ஸி ஓடியது. ஒரு வீட்டில் சுவரில் துளை போட்டார்கள். குழந்தை அழுதது, நாய் குரைத்தது, டிவியில் யாரோ விளம்பரம் பாடினார்கள். நடுவில் பிள்ளைகள் சிரித்தார்களோ என்னவோ, யாருக்குத் தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலே ‘அப்பா ஆபீஸ்’ கட்டத்திலிருந்து ஓர் ஆண் குரல் தெளிவாகக் கேட்டது.

“இந்தக் கதை இன்னுமா முடியல?”

சித்தி எல்லா மைக்கையும் அணைத்தார். மிச்சத்தை மடமடவென்று படித்து முடித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தி தன் முடிவைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமையோடு நீர்யானைக் கதைக்குக் கும்பிடு. எழுதியிருப்பது வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திவிடப் போகிறார். அதன் பிறகு பறவைகளைப் பற்றிக் கலைக்களஞ்சியத்திலிருந்து படிப்பாராம். அதற்கடுத்த திங்கட்கிழமை, தன் புத்தகங்களை வெளியிடுகிற பதிப்பாளர் அக்காவுக்கு போன் செய்து, இந்தப் புத்தகம் வராது என்றும் சொல்லிவிடுவாராம்.

அப்பா சமாதானம் சொன்னார். அம்மா தன் வழக்கப்படி சத்தம் போட்டார். நான் அல்லவா மைக்கைத் திறக்கச் சொன்னேன்? நல்லது செய்யப் போய் நானே கதையைக் கெடுத்துவிட்டேன். பிறகு நீர்யானைக்கு என்ன ஆனது என்பதும் இனி தெரியாது. எல்லாவற்றையும்விட, சித்தி எழுந்து போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரம் ஒரு நாள் பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போனேன். மூலையில் சித்தி ஒரு பழைய புத்தகத்துக்குப் பசை தடவி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே சாரத்தில் வேலை நடந்தது. நான் வாயைத் திறக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அதுவே ஒரு சாதனை.

ஒரு பெண் தன் மகனோடு வந்து விண்வெளிப் புத்தகம் ஒன்றைக் கேட்டார். அது ஒரே பிரதிதான் இருக்கிறது, வேறு ஒருவரிடம் போயிருக்கிறது, அவர் திருப்பிக் கொடுத்ததும் உங்களுக்குத்தான் என்று சித்தி கிசுகிசுத்தார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். சிறிது நேரத்தில் இன்னொருவர் வந்து அதே புத்தகத்தைக் கேட்டார். அவருக்கு அடுத்த முறை.

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

“சித்தி, அந்தப் புத்தகத்த எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணுதானே இருக்கு. ஒருத்தர் கொண்டுவந்து குடுத்ததும் அடுத்தவருக்கு.”

“அப்ப மைக்கையும் அந்த மாதிரி இரவல் குடுங்க. ஒரு நேரத்துல ஒரு வீட்டுக்கு மட்டும். கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுக்கட்டும், அடுத்த வீட்டுக்குக் குடுக்கலாம். ஒரு வீட்டுச் சத்தம்னா நீங்க தாங்குவீங்கல்ல?”

சித்தியின் கையில் பசைக் குச்சி அப்படியே நின்றது. இரவல் என்ற சொல்லைக் கேட்டால் எந்த நூலகராலும் சும்மா இருக்க முடியாது.

“திருப்பிக் குடுக்கலன்னா?” என்று கேட்டார்.

“நான் உங்க பக்கத்துல உக்காந்து பிடுங்கிக்கறேன். மவுஸ் என் கையில இருக்கட்டும்.”

சித்தி குச்சியைப் பசைக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு, எப்படியும் இதுதான் கடைசி, போகட்டும் என்றார். எனக்கு அது போதும்.

சனிக்கிழமை வந்தது. கதை நேரத்துக்காகக் கூரை வேலை செய்பவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சித்தியும் நானும் ஒரே மேசையில் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். படித்து முடிக்கும்வரை மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தார். நான் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன்.

சித்தி பல் டாக்டருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம் சொன்னார். இன்று மைக் இரவல் கிடைக்கும், வரிசையாக வரும், பத்திரமாக வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்தார். பேச்சில் ஒரு சிரிப்புகூட இல்லை. 

முதல் இரவல் ‘அம்மா புது நம்பர்’ கட்டத்துக்கு. நான் மைக்கைத் திறந்தேன். சித்தி படித்தார்.

அன்றைய பகுதியில் கட்டடத்தின் முதலாளி லிஃப்ட்டைச் சோதிக்க வருகிறார். ரொம்பக் கறாரான ஆள். வரும்போதே ஒரு பலகை கொண்டுவந்து மாட்டுகிறார். லிஃப்ட்டில் பாடக் கூடாது, சாப்பிடக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது. நீர்யானைக்கோ பிறந்ததிலிருந்தே கொட்டாவி விடுவதுதான் பொழுதுபோக்கு. ஆனாலும் பொறுப்பான நீர்யானை ஆயிற்றே, அடக்கிக்கொள்கிறது. முதலாளி தானும் உள்ளே ஏறியே தீருவேன் என்கிறார். காலை முதலில் விட்டுப் பார்க்கிறார். தலையை முதலில் விட்டுப் பார்க்கிறார். கடைசியில் பக்கவாட்டில் நுழைந்து, கண்ணாடிக்கும் நீர்யானைக்கும் நடுவில் போஸ்டர் மாதிரி ஒட்டிக்கொள்கிறார்.

ஸ்பீக்கரில் “ம்ப்… ம்ஹும்ப்…” என்று ஏதோ கேட்டது. 

சித்தி படிப்பதை நிறுத்தினார். இணையம் கோளாறு செய்கிறதா என்று என்னைப் பார்த்தார். மறுபடியும் “ம்ஹும்ப்” என்று வந்தது. அப்புறம் மெல்லிய குரல் ஒன்று, சித்தியைப் போலவே கிசுகிசுத்தது.

“மேடம், சிரிக்கலாமா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பிள்ளை தன் வீட்டில், தன் அறையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. நூலகத்துச் சட்டத்தை வீட்டிலும் மறக்கவில்லை.

சித்திக்கும் புரிந்துவிட்டது. கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். “நான்தானே பொத்திக்கச் சொன்னேன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்து, சிரிக்கலாம் என்று உதட்டை அசைத்தார்.

“கேக்கல மேடம்.”

சித்தி மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“சிரிக்கலாம்மா. கைய எடுத்துட்டுச் சிரி.”

இந்த முறை அது பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்டிருக்கும். குழாயைத் திறந்தால் முதலில் வெறும் காற்று வந்து, பிறகு தண்ணீர் கொட்டும் இல்லையா? அந்தப் பிள்ளை அப்படித்தான் சிரித்தது. நிறுத்தவே முடியவில்லை. போஸ்டர், போஸ்டர் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சித்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

இரவல் நேரம் முடிந்தது. நான் மைக்கை வாங்கி ‘மாமா பழைய போன்’ வீட்டுக்குக் கொடுத்தேன். அங்கே ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அண்ணன் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தான். அவன் விக்குவதைப் பார்த்துத் தங்கை சிரித்தாள். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடியது. ஆனால் ஒரே ஒரு மிக்ஸிதானே, அதையும் மீறிச் சிரிப்பு கேட்டது. சித்தி இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படிக்கும்போது முதலாளியின் குரலைக் கரகரப்பாக மாற்றிப் படித்தார். அவருக்கு அப்படியெல்லாம் படிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது.

அடுத்து ‘அப்பா ஆபீஸ்’. மவுஸைக் கொண்டுபோன என் கை தயங்கியது. சித்தியும் பார்த்துவிட்டார். கொடு, அதுதானே முறை என்று கண்ணாலேயே சொன்னார். திறந்தேன்.

போன வாரம் கேட்ட அதே ஆண் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டது.

“மேடம், போன வாரம் நான் பேசினது உங்களுக்குக் கேட்டுடுச்சாமே. எம் பொண்ணு ஒரு வாரமா எங்கிட்ட முகங்கொடுத்துப் பேசல. அன்னைக்கு எனக்கு டூட்டிக்குக் கிளம்ப வேண்டியிருந்துச்சு, கையில போன் இல்லாமப் போக முடியாது. பாதிக் கதையில எப்படிப் பிடுங்கறதுன்னு நின்னேன். நின்னு நின்னு நானும் கேக்க ஆரம்பிச்சுட்டேன். இன்னைக்கு லீவு போட்டுட்டேன்.”

பின்னாலிருந்து, “அப்பா, மைக்க வீணாக்காதீங்க,” என்று ஒரு சிறுமியின் குரல் அதட்டியது. 

சித்தி சிரித்தார். எனக்குக் கேட்கிற மாதிரியே சிரித்தார். இனி கலைக்களஞ்சியம் வராது என்று நான் மனத்துக்குள் குதித்தேன்.

கதை தொடர்ந்தது. லிஃப்ட் ஆடி, முனகி, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. கதவும் திறக்கவில்லை. உள்ளே முதலாளியும், கொட்டாவியை அடக்கிக்கொண்டு நீர்யானையும். சித்தி அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தார். கையில் அடுத்த தாள் இல்லை.

“இதுவரைக்கும்தான் எழுதியிருக்கேன்,” என்றார். குரல் பழையபடி இறங்கிவிட்டது. இதற்கு மேல் எழுதுவதாக இல்லை என்று இருந்தேன், இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஏதேதோ சொன்னார்.

இரவல் வாங்காதவர் ஒருவர் பாக்கி இருந்தார். ‘பல் டாக்டர் கிளினிக்’. சித்தி அவசரமாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நான் மைக்கைத் திறந்தேன்.

“ஆன்ட்டி,” என்றது ஒரு குட்டிக் குரல். 

சித்தி திகைத்துப்போய், டாக்டர்தான் பேசுகிறாரா என்று கேட்டார். இது அம்மாவின் போன், தனக்கு ஆறு வயது என்று அந்தக் குரல் சொன்னது. பிறகு, அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்பதுபோல் நேராக விஷயத்துக்கு வந்தது.

“நீர்யானை இப்ப எங்க இருக்கு?”

“லிஃப்ட்டுக்குள்ளதாம்மா இருக்கு.”

“நீங்க எழுதலன்னா உள்ளயே இருக்குமா?”

முடிவு தெரியாமல் போய்விடுமே என்று நான் எனக்காகத்தான் கவலைப்பட்டேன். நீர்யானை பாவம், இருட்டில் நின்றுகொண்டிருக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“இருக்காது. நான் வெளிய கொண்டுவந்துடறேன்,” என்றார் சித்தி.

“சரி. கொண்டுவாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

யாரும் கிளம்பவில்லை. எல்லாக் கட்டங்களும் அப்படியே காத்திருந்தன. சித்தி பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார். ஒரு வரியை நான்கு முறை எழுதி அழிக்கிற ஆள் அவர். எழுதாத கதையை வாயால் சொல்லிப் பழக்கமே இல்லை. நீர்யானை கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றது என்று ஆரம்பித்தார். அடக்கிக்கொண்டே நின்றது என்றார். அதற்கு மேல் நகரவில்லை.

“ஏன் ஆன்ட்டி அடக்கணும்?” என்றது குட்டிக் குரல். “எங்கம்மாகிட்ட யாரு வந்தாலும் வாய நல்லாத் திறக்கணும். அப்பத்தான் சரியாகும்.”

சித்தி சட்டென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

ஐயா, ஒரு கொட்டாவி விட்டுக்கொள்ளலாமா என்று நீர்யானை பணிவாகக் கேட்டதாம். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. பலகையை அவரேதான் மாட்டியிருந்தார், அதை எப்படி அவரே மீறுவது? யோசித்தார், யோசித்தார். கடைசியில், விட்டுத் தொலை என்றார். நீர்யானை வாயைத் திறந்தது. திறந்தது, திறந்தது, திறந்துகொண்டே போனது. மேல் தாடை லிஃப்ட் கூரையில் முட்டியது. இரண்டு கன்னமும் இரண்டு கதவையும் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளின. சித்தி தன் கைகளையே கதவாக்கி விரித்துக் காட்டினார், ஒரு கை பட்டுப் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது, அவர் கவனிக்கவே இல்லை. கதவு திறந்து வெளிச்சம் வந்ததும் முதலாளி நீர்யானையின் தாடைக்குக் கீழே தவழ்ந்து வெளியே வந்தார். வெளியே வந்த முதல் வேலையாக, பலகையை எடுத்து அழித்து எழுதினார். இந்த லிஃப்ட்டில் ஏறுபவர்கள் கட்டாயம் கொட்டாவி விட வேண்டும்.

சித்தி மூச்சு வாங்கினார். நான் அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மறந்துவிட்டு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மவுஸ் என் கையில் இல்லை. எங்கே என்று பார்த்தால், சித்தியின் கையில் இருந்தது. அவரே எல்லா மைக்கையும் ஒன்றாகத் திறந்துவிட்டார்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். மிக்ஸி, நாய், குழந்தை, சுவரில் துளை போடுகிற இயந்திரம், விக்கல், லீவு போட்ட அப்பாவின் கைதட்டல், எல்லா வீட்டுப் பிள்ளைகளின் சிரிப்பு. டீ குடித்துவிட்டு வந்த கூரை வேலைக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சித்தி அதற்குள் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, முடிவை மறந்துவிடாமல் கிடுகிடுவென்று எழுத ஆரம்பித்திருந்தார். 

திங்கட்கிழமை பதிப்பாளர் அக்காவிடம் என்ன சொல்வீர்கள், புத்தகம் வருமா என்று கேட்டேன். சித்தி எழுதுவதை நிறுத்தாமல் காதருகே கையை வைத்துக்கொண்டார்.

“கேக்கல வண்டு. சத்தமாப் பேசு.”

பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி, புத்தகம் வருமா என்று கத்தினேன்.

“வரும்!” என்று சித்தியும் கத்தினார். எல்லா வீட்டுக்கும் கேட்டது.